ஒன்றரை மில்லிமீட்டர்

என் மனைவிக்கு நான் செய்த துரோகத்தை அளந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அளந்தது அவளேதான். அதுவும் என் ஸ்கேலை வைத்து, ஒரு டாக்டருக்கு முன்னால்.

நான் நோட்டுப் புத்தகம் செய்யும் பட்டறையில் ரூலிங் மெஷின் ஓட்டுகிறவன். வெள்ளைத் தாள் ஒரு பக்கம் உள்ளே போகும், கோடு போட்ட தாளாக மறுபக்கம் வெளியே வரும். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேருடைய எழுத்து நேராக நிற்பதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். "அப்புறம் உங்க எழுத்து மட்டும் ஏன் குடிச்சுட்டு வந்த மாதிரி சாயுது?" என்று அவள் ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாள். என் சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல எஃகு ஸ்கேல் ஒன்று இருக்கும். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அது பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது.

அவள் துணிக்கடை ஒன்றில் ஆல்ட்ரேஷன் டெய்லர். கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துத் தைப்பது, பொத்தான் வைப்பது எல்லாம் அவள் வேலை. அளவைச் சின்னச் சீட்டில் எழுதித் துணியோடு குத்தி வைக்க வேண்டும். அந்தச் சீட்டில்தான் வந்தது வினை. மேனேஜர் ஒருநாள் கடையில் அத்தனை பேர் இருக்க அதைத் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, இத நீங்க எழுதினீங்களா, கோழி கிளறிச்சா?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள்.

"நான் எழுதக் கத்துக்கப் போறேன்."

"நாற்பத்தொம்பது வயசுலயா?"

"ஏன், பேனா வயசு கேக்குமா?"

நூலக மாடியில் ஞாயிறு காலைகளில் ஆங்கிலக் கூட்டெழுத்து வகுப்பு நடந்தது. டீச்சர் இவளைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் கண்டிப்பில் தலைமையாசிரியர் தோற்றார். மூன்று நிலைகள். முதல் இரண்டும் நாலு கோடு நோட்டில். மேலே ஒரு சிவப்புக் கோடு, நடுவில் இரண்டு நீலம், கீழே ஒரு சிவப்பு. சின்ன எழுத்துகள் இரண்டு நீலத்துக்கும் நடுவே மேலும் கீழும் முட்டி நிற்க வேண்டும். மூன்றாம் நிலையில் கோடே கிடையாது. வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் முழுக்க ஒரே உயரமாக எழுதிக் காட்ட வேண்டும். டீச்சருக்கு ஒரே விதிதான்: கோட்டைத் தொடணும், தாண்டக்கூடாது. தொட்டால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம், தொடாத எழுத்துக்குச் சிவப்பு வட்டம்.

நோட்டு நம் கையில்தானே இருக்கிறது. பட்டறையில் ஓரம் வெட்டாமல் ஒதுக்கிய தாளில் நானே கோடு போட்டுத் தைத்துக் கொண்டுவந்தேன். நடு இடைவெளி ஐந்து மில்லிமீட்டர், எல்லா நாலு கோடு நோட்டுக்கும் எங்கள் பட்டறையில் வைக்கிற அளவு. காலை ஆறு மணிக்கு எழுந்து, சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு, இங்க் பேனாவின் மூடியைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். "மினிமம்" என்று ஒரு வார்த்தை, கூட்டெழுத்தில் எழுதினால் பதினைந்து சின்ன மேடுகள் வரும். அந்தப் பதினைந்தும் ஒரே உயரத்தில் வர அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. வந்த அன்று என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"சமமா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"ரூல் போட்டவனைவிட எழுதினவ கெட்டிக்காரி."

அதற்கு அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. ஒரு வருடத்தில் முதல் நிலைச் சான்றிதழ் வாங்கினாள். மேனேஜர் அதற்குப் பிறகு கடை வாசலில் வைக்கும் அட்டைகளை எல்லாம் அவளையே எழுதச் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் சிவப்பு வட்டங்கள் ஆரம்பித்தன.

முதலில் பக்கத்துக்கு இரண்டு மூன்று. பிறகு ஒரு வரிக்கு இரண்டு மூன்று. எழுத்தின் அழகு அப்படியேதான் இருந்தது. சாய்வு சரி, வளைவு சரி. ஆனால் வரியின் முதல் எழுத்து மேல் நீலத்தைத் தொட்டால், கடைசி எழுத்து அதற்குக் கீழேயே நின்றுவிடும். சோம்பேறித்தனம் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஐந்து பக்கத்தைப் பத்து பக்கம் ஆக்கினாள். எழுத எழுத எழுத்து இன்னும் சிறுத்தது. ஒருநாள் பத்தாவது பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுங்க."

"வயசாகுதும்மா. கண்ணாடிய மாத்தலாம்."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. கோடு தெரியுது. அதத் தொடணும்னு தெரியுது. கை போக மாட்டேங்குது."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் எவனும் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பான். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. என் புத்திக்கு எட்டியதெல்லாம் என் மெஷின்தான். எழுத்தைப் பெரிதாக்க எனக்கு வழி தெரியாது, ஆனால் கோட்டைக் கீழே இறக்கத் தெரியும்.

ரூலிங் மெஷினில் ஒரு நீண்ட தண்டில் மெல்லிய வட்டத் தகடுகள் வரிசையாகக் கோத்திருக்கும். மையில் நனைந்து அவை உருளும்போது தாளில் கோடு விழும். இரண்டு தகட்டுக்கு நடுவே எத்தனை கனத்தில் வாஷர் போடுகிறோமோ அதுதான் இடைவெளி. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது நீலத் தகடுகளுக்கு நடுவில் இருந்த வாஷரை எடுத்துவிட்டு அரை மில்லிமீட்டர் குறைவான வாஷரைப் போட்டேன். தொழில் தெரிந்தவன் இல்லையா, அதோடு விடவில்லை. எடுத்த அரை மில்லிமீட்டரை வரிக்கும் வரிக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் சேர்த்துவிட்டேன். பக்கத்துக்கு எத்தனை வரியோ அத்தனை வரி. பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்து அளந்தாலொழிய யாருக்கும் தெரியாது. பழைய நோட்டுகளை அவள் பத்திரமாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

தாள் வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். அவனும் என்னைப் போல அளவிலேயே ஊறினவன்.

"என்னண்ணே, நாலரை வருது? எந்த ஸ்கூலுக்கு?"

"வீட்டுக்கு."

"அண்ணிக்கா? சொல்லிட்டீங்களா?"

"சொன்னா அப்புறம் எதுக்கு?"

"என்னமோ போங்க, எனக்கு இது சரியாப் படல" என்று சொல்லிவிட்டுத் தாளை வெட்டிக் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நூலகப் படியிலிருந்து இறங்கி வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கம் பூராவும் நட்சத்திரம். ஒரு வட்டம் இல்லை. "விடாம எழுதினா வரும்னு சொன்னேன்ல?" என்றாள். தெருவோரத்திலேயே நோட்டைப் பிரித்து ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். நானும் முதல்முறை பார்க்கிறவன் போல வாயைப் பிளந்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கும்மாளம். அவளை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து எத்தனை மாதம்!

நாலரை மில்லிமீட்டர் ஐந்து மாதம் தாங்கியது. பிறகு நாலு. பிறகு மூன்றரை. அந்த நாலில் எழுதித்தான் இரண்டாம் நிலைச் சான்றிதழ் வாங்கினாள். சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டினாள். ஆணி அடித்தது நான்.

இதற்கு நடுவே வேறு சில விஷயங்களும் நடந்தன. நடக்கும்போது அவளுடைய வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வந்தது. பொத்தான் தைக்க இரண்டு மடங்கு நேரம் ஆனது. தோள் வலி என்றாள். பக்கத்து கிளினிக்கில் தோள் இறுகிவிட்டது என்று தைலமும் பயிற்சியும் கொடுத்தார்கள். குரலும் இறங்கிப்போனது. "சண்டை போடக்கூட இப்பல்லாம் சத்தம் வர மாட்டேங்குதே, நான் பொழச்சேன்" என்று கேலி செய்தேன். செய்தேன் என்று எழுதவே இப்போது கூசுகிறது.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் நிலை. வெள்ளைத் தாள். அங்கே இறக்குவதற்குக் கோடு கிடையாது. தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் ஏதாவது நடந்து எல்லாம் சரியாகிவிடாதா என்று முட்டாள்தனமாகக் காத்திருந்தேன்.

தேர்வுக்கு முன்னால் வந்தது டாக்டர்தான். தோள் வலி குறையாததால் கிளினிக்கில் நரம்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர் அவளை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டி, நாலு வரி எழுதச் சொன்னார். பேனா என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள். முதல் வார்த்தை எழுந்து நின்றது. நாலாவது வரியை டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"எழுத்து எப்பவுமே இவ்வளவு சின்னதாம்மா?"

"கோடு இல்லாத தாள்ல இனிமேதான் டாக்டர் பழகணும். நோட்டுல பாத்தீங்கன்னா இப்படிச் சொல்ல மாட்டீங்க."

"பழைய எழுத்து வீட்ல இருக்கா? ரெண்டு வருஷத்துக்கு முந்தினது?"

"எல்லாமே வச்சிருக்கேன்."

"அடுத்த வாரம் கொண்டாங்க. எழுத்து நாளாக நாளாகச் சின்னதாகியிருந்தா அது ஒரு முக்கியமான அடையாளம்."

அந்த வாரம் முழுக்க நான் சாப்பிட்டது எது, கோடு போட்டது எது என்று தெரியாது. பரணிலிருந்து நோட்டுக் கட்டை இறக்கிக் கொடுத்ததும் நான்தான். முதல் நோட்டை மட்டும் உருவிவிடலாமா என்று ஒருநாள் நினைத்தேன். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். காலையில் அவள் எழுதிக்கொண்டிருப்பாள், நான் தொண்டையைச் செருமுவேன், "என்ன?" என்று நிமிர்வாள். "காபி ஆறுது" என்பேன். இப்படியே ஏழு நாளும் காபி ஆறியது.

அடுத்த வாரம் டாக்டர் மேசையில் பதினாறு நோட்டுகளை வரிசையாக அடுக்கினாள். தைத்த துணியைக் கொடுக்கும்போது மடிப்பைத் தடவுவது போல ஒவ்வொன்றின் அட்டையையும் தடவிவிட்டாள். டாக்டர் முதல் நோட்டை எடுத்தார், நடுவில் ஒன்றை எடுத்தார், கடைசியை எடுத்தார். பொறுமையாகத்தான் பார்த்தார். அவர் மேல் குற்றம் இல்லை. என் வேலை அவ்வளவு சுத்தம்.

"முதல் நோட்டுலயும் கோட்டைத் தொடுது. நடுவுல கொஞ்ச நாள் இறங்கியிருக்கு, அப்புறம் சரியாயிடுச்சு. கடைசியிலயும் தொடுது."

"நான்தான் சொன்னேனே டாக்டர்" என்றாள் அவள். என் பக்கம் திரும்பி ஒரு புன்னகை வேறு.

"அப்படின்னா அவசரப்பட வேணாம். தோளாவும் இருக்கலாம். மருந்து இப்ப ஆரம்பிக்க வேணாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாப்போம்."

அவர் ஃபைலை மூடினார். அவள் நோட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். என் கை சட்டைப் பைக்குப் போய் ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்தது.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக அந்த ஸ்கேலைத் துவைக்கிற சட்டையிலிருந்து எடுத்து வைக்கிறவள் அவள். அளவெடுத்தே பிழைக்கிறவள். முதல் நோட்டைப் பிரித்து இரண்டு நீலக் கோட்டுக்கு நடுவே ஸ்கேலை வைத்தாள். கடைசி நோட்டைப் பிரித்து வைத்தாள். திரும்ப முதலாவது. திரும்பக் கடைசி.

"அஞ்சு" என்றாள். "மூணரை."

"நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"எத்தன தடவ?"

"மூணு."

"டீச்சர் நட்சத்திரம் போட்டாங்களே, அந்த ஞாயித்துக்கிழமை?"

"அதுதான் முதல் தடவ."

டாக்டர் ஃபைலைத் திரும்பத் திறந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோயின் பெயரைச் சொன்னார், உடம்பின் அசைவையெல்லாம் மெல்ல மெல்லச் சுருக்கிவிடும், குணமாகிற வியாதி இல்லை, மருந்து கொடுத்து இழுத்துப் பிடிக்கலாம் என்றார். "போன வருஷமே வந்திருந்தா இந்த ஒரு வருஷத்த கொஞ்சம் லேசாக் கடந்திருக்கலாம்" என்றார், மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே. அவளைத்தான் பார்த்துச் சொன்னார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், நான் பக்கத்தில், மடியில் பதினாறு நோட்டு. "அழுவியேன்னுதாம்மா..." என்றேன். இறங்குகிற நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், "அழவிட்டிருக்கலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி இரண்டாம் நிலைச் சான்றிதழைக் கழற்றினாள். இறங்கத் தடுமாறினாள். பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். சட்டத்தை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"இது எனக்குக் கொடுத்தது இல்ல. உங்க மெஷினுக்குக் கொடுத்தது. பட்டறையில கொண்டுபோய் மாட்டுங்க."

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் தட்டை வைத்தபோது சொன்னாள்: "அஞ்சு மில்லிமீட்டர்ல கோடு போட்டுக் கொண்டு வாங்க. அளந்துதான் வாங்குவேன்." மறுநாள் கொண்டுபோனேன். ஒவ்வொரு பக்கமாக அளந்தாள். பதினெட்டாவது பக்கம் வரைக்கும் அளந்துவிட்டுத்தான் நோட்டை வாங்கிக்கொண்டாள்.

மருந்து கொஞ்சம் கேட்கிறது. கை முன்பைவிட வீசுகிறது. எழுத்து மட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை. எழுதும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "பெருசு, பெருசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் சிலருக்குக் கை கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வேலையை எனக்குக் கொடுத்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் கேட்பாள். நான் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நிலைத் தேர்வு போன ஞாயிறு நடந்தது. அவள் போகவில்லை. அந்த நேரத்தில் இருவரும் மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

இன்று காலையும் ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். அவள் எழுதினாள், நான் "பெருசு... பெருசு..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் மேடு மேல் நீலத்தை முட்டியது. இரண்டாவது முட்டியது. நாலாவதிலிருந்து இறங்க ஆரம்பித்தது. நான் குரலை உயர்த்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவை மேலே தள்ளினாள், நெற்றியில் வியர்வை. வரி முடிந்தது. நோட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"தொடுதா?"

கடைசி எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். எனக்கு ஸ்கேல் தேவையில்லை. தொடுது என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தொடலம்மா" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோனாள். "சொல்லுங்க."

"பெருசு" என்றேன்.